அவர் பீட்சா கேட்கல

பத்மநாபன் சார் போயிட்டார். நேத்து சாயந்திரம், இங்க அமெரிக்காவுல, எடிசன்ல. ஹார்ட் அட்டாக்.

என் பழைய ஆபீஸ்ல பதினோரு வருஷம் எனக்குப் பக்கத்து சீட்.

அழுதுட்டு சும்மா இருந்திருப்பேன். ஆனா காலைல இருந்து எங்க ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்ல வர்ற மெசேஜைப் பாத்தா பத்திக்கிட்டு வருது. "ஆர்.ஐ.பி. பீட்சா பத்து"ன்னு ஒருத்தர். பத்துங்கறது பத்மநாபன் சார்தான். பக்கத்துல ஒரு பீட்சா படம் வேற. இன்னொருத்தர் அந்தப் பழைய வீடியோவையே தேடி எடுத்துப் போட்டிருக்கார்... மனுஷனை இன்னும் எரிக்கக்கூட இல்லப்பா!

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாங்க நாலு குடும்பம் போக்கனோஸ் மலைக்கு, பனியில ஸ்கீ பண்ணப் போனோம். ஒருத்தருக்கும் ஸ்கீ தெரியாது.

காலைல பிகினர் க்ளாஸ் இருந்தது. அதுக்குப் போனது பத்மநாபன் சார் மட்டும்தான். மங்கி கேப்போட, அஞ்சு வயசுக் குழந்தைங்க வரிசையில கடைசியா நின்னார். நாங்க லாட்ஜ் ஜன்னல் ஓரமா உக்காந்து, ஃபாயில்ல கட்டிட்டுப் போன புளியோதரையைச் சாப்பிட்டுக்கிட்டே அவரைக் கிண்டல் பண்ணிட்டிருந்தோம். ஆமா, நானும்தான்.

மத்தியானம் என் பொண்ணு மேல இருந்து வந்தா. ஏழு வயசு. நேரா, அம்பு மாதிரி வர்றா. கீழ மர வேலி.

சார் "பீட்சா! பீட்சா!"ன்னு கத்திக்கிட்டே குறுக்க போய் விழுந்தார். அவ அவர் மேல வந்து விழுந்தா. அவளுக்கு ஒரு கீறல் இல்ல. அவருக்கு மணிக்கட்டு உடைஞ்சது.

எவரோ ஃபோன்ல எடுத்த வீடியோல அவர் கத்துறதும் உருள்றதும்தான் இருக்கு. என் பொண்ணு இல்ல. "பசி தாங்காம பீட்சா கேட்டுக்கிட்டே விழுந்துட்டார்"னு அன்னிக்கே கதை கட்டியாச்சு.

அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது நான். கார்லதான் சொன்னார். "ஸ்கீயோட முன்பக்க ரெண்டு முனையையும் சேத்து, பீட்சா துண்டு மாதிரி வெச்சா வேகம் குறையும்மா. க்ளாஸ்ல முதல்ல அதான் சொல்லித் தர்றாங்க. பாப்பா ஏன் திருதிருன்னு முழிச்சா?"

"அவளை க்ளாஸ்க்கு அனுப்பல சார். வீடியோ பாத்தா போதும்னு நான்தான்..."

உடைஞ்ச கையை மடியில வெச்சுக்கிட்டு, "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்களைத்தான் கிழிகிழின்னு கிழிப்பாங்க"ன்னார்.

நானும் சொல்லல. வசதியா இருந்துச்சு.

மாவுக்கட்டோட ஆறு வாரம் இடது கையால டைப் பண்ணார். பக்கத்து சீட்ல அந்த டொக்... டொக்... சத்தம். நான் ஹெட்ஃபோன் போட்டுக்குவேன்.

அதுக்கப்புறம், ஆளுக்கொரு ஐட்டம் கொண்டுவந்து சாப்பிடற எந்தப் பாட்லக் வந்தாலும் முதல் பீட்சா துண்டு அவர் தட்டுலதான் விழும். "பத்து சாருக்குப் போடுங்கப்பா!" அவருக்கு சீஸ் ஒத்துக்காது. சிரிச்சுக்கிட்டே சீஸை வழிச்சு ஓரமா வெச்சுட்டு வெறும் ரொட்டியைத் தின்பார். ஒரு தடவைகூட வேணாம்னு சொன்னதில்ல. என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பாத்ததில்ல.

வெக்கமா இல்ல நமக்கெல்லாம்? செத்த பிறகுமா அந்தப் பேரு? அந்த வீடியோவை எடுங்க. இப்பவே எடுங்க. முதல்ல வெக்கப்பட வேண்டியவ நான், அதையும் நானே சொல்லிடறேன்.

என் பொண்ணு இப்ப காலேஜ்ல இருக்கா. விஷயத்தை ஃபோன்ல சொன்னேன். ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அம்மா, டிட் யூ எவர் டெல் தெம்?"

பத்மநாபன் சார்... சொல்லிட்டேன் சார்.

போயிட்டு வாங்க.