பெரணித் தட்டில் ஒரு குருவி

சோறு போட்டுச் சாப்பிடாத தட்டை எதற்குத் தினமும் துடைக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் சந்தேகம். அவள் வேலை செய்த வீட்டு அக்கா ஆராய்ச்சி நிலையத்தில் அதிகாரி. பழைய சீமைத் தட்டுகளைத் தேடித்தேடிச் சேர்ப்பவர். விக்டோரியா ராணி காலத்தில் படத்தைத் தாளில் அச்சடித்து, பீங்கானில் ஒற்றிச் சுட்டவையாம். எல்லாம் நீலம், இலை, கொடி, பறவை.

அக்கா சொந்த ஊருக்குப் போயிருந்த வாரம், பெரணி இலை போட்ட தட்டு ஒன்று அம்மாவின் கையிலிருந்து நழுவியது. விளிம்பில் முக்கோணமாக ஒரு துண்டு தெறித்துத் தூளாகிவிட்டது. தட்டை ஒயர் கூடையில் துணிக்கடியில் ஒளித்து, பஸ் ஏறி எங்கள் ஊர் கடப்பாக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

“வேல போச்சுடி. படிக்கிற புள்ளதான நீ? எதுனா வழி சொல்லு.”

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். மூன்றாம் வகுப்பு. என்னைக் கேட்டது நியாயம்தான் என்று பட்டது.

ஊர்க் கடலோரத்துப் பழைய கோட்டை இடிபாட்டுக்குக் கீழே கடல் ஒதுக்கும் பீங்கான் ஓடுகளைப் பொறுக்கி, கருங்கல்லில் தேய்த்துத்தான் நாங்கள் கட்டம் தாண்டும் பாண்டியாட்டத்துக்குச் சில்லு செய்வோம். என்னிடம் ஒரே ஒரு நீலச் சில்லு இருந்தது. அதில் ஒரு குருவி. அதை வைத்து ஆடி நான் தோற்றதே இல்லை. நான்கு நாள் தண்ணீர் விட்டுத் தேய்த்து முக்கோணமாக்கினேன். செருப்புத் தைப்பவரிடம் பசை வாங்கி ஒட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

“இன்னாடி இது, குருவி குந்திகினு கீது?”

“எலன்னா குருவி வராதாம்மா?”

தட்டைக் கொண்டுபோய்ப் பழையபடி அலமாரியில் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை அக்கா ஊரிலிருந்து வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அலமாரியைத் திறந்தவர் நேராக அந்தத் தட்டைத்தான் எடுத்தார். ஒட்டிய இடத்தை விரலால் மெல்லத் தடவினார். அம்மா துடைப்பத்தோடு சுவரோரம் ஒடுங்கி நின்றாள்.

“இதுல குருவி இருந்துச்சா? இத்தனை வருஷமா நான் பாக்கவே இல்லையே!”

“இருந்துச்சுக்கா. நீங்கதான் சரியா பாக்கல” என்றேன் நான்.

அக்கா தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்த என் விரல் நுனிகளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க. துணி நிறைய இருக்கு.”

தட்டை முன்வரிசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் இரண்டும் குலுங்கின.

பாவம், பஸ்ஸில் வந்த தூசி, இருமுகிறார் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.