கட்டை வைக்காத மீன்தொட்டி

கெலிஓயாவில் ஒரு மேட்டில் வீடு கட்டிக் குடியிருக்கும் லூக்காஸ், ஓய்வு பெற்ற அலுவலக லிகிதர். அடுத்தவர் எழுதியதில் பிழை பிடித்தே பதவி உயர்வு வாங்கியவர். தன்னிடமும் பிழை இருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கு வந்ததேயில்லை. வந்திருந்தால் வாசல் கதவாவது தப்பியிருக்கும்.

கலகெதரவில் இருக்கும் சகலை சுவக்கின் வீட்டில் ஒரு மீன்தொட்டி உண்டு. அதைவிடப் பெரிதாய் ஒன்று வைக்காமல் லூக்காஸுக்குச் சோறு இறங்கவில்லை. ஆள் படுக்கலாம் போல ஒரு கண்ணாடித் தொட்டி கண்டியிலிருந்து லொறியில் வந்தது. ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட வரும்படி சகலைக்கு அழைப்பும் போனது.

தொட்டி வைக்க இருந்த முன்ஹோல் தரையோ வாசல் பக்கம் சரிவு. மனைவி பியட்றிஸ் குசினிப் பக்கம் நின்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால், அது தானாக வாசலால் வெளியேறும். அந்த வீட்டில் சொல்லாமலே வேலை செய்தது அந்தச் சரிவு மட்டும்தான்.

"தொட்டி ஸ்டாண்டுக்குக் கீழ ரெண்டு கட்டை வச்சா முடிஞ்சிச்சு ஐயா" என்றார் மேசன் அழகையா.

"கட்டையா? சுவக்கின் குனிஞ்சு பார்ப்பான் பாஸ். தரையையே மட்டமாக்குங்க."

அழகையா மட்டம் பார்க்கத் தண்ணீர்க் குழாயை எடுத்தார். லூக்காஸ் தடுத்தார். சுவரில் திருஇருதய ஆண்டவர் படம் வைத்த நீளப் பலகையைக் காட்டினார்.

"அதிலயிருந்து கீழ அளங்க. பாதர் வந்து மந்திரிச்ச பலகை. அது சாயுமா?"

"அதுல மெழுகுதிரி எப்பவும் ஒரு பக்கந்தாங்க வடியுது" என்றாள் பியட்றிஸ்.

"காத்து!" என்றார் லூக்காஸ்.

அந்தப் பலகையை அடித்தது பாதர் அல்ல, லூக்காஸ்தான். இரண்டு முனையையும் தரையிலிருந்து ஒரே உயரம் அளந்து ஆணி அடித்திருந்தார். தரை எப்படிச் சரிந்ததோ, ஆண்டவரும் அப்படியே. அழகையாவுக்கு இது விளங்காமலில்லை. ஆனால் 'சரி ஐயா' என்றால் வாக்குவாதம் மிச்சம், தேத்தண்ணியும் நேரத்துக்கு வரும்.

சீமெந்து காய்ந்தது. பழைய சரிவு அப்படியே ஒரு படி உயரத்தில் எழுந்து நின்றது. உள்பக்கம் திறக்கும் வாசல் கதவு புதுத் தரையில் இடித்து இறுகிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை சுவக்கின் குசினி வழியாக வந்தார். தொட்டியில் தண்ணீர் வாசல் பக்கம் விளிம்பைத் தொட்டது. மறுபக்கம் ஒரு சாண் இறங்கி நின்றது.

"என்ன சகலை, தண்ணி ஒரு பக்கமா சாஞ்சி படுத்திருக்கு?"

"கண்ணாடி வெட்டினவன் பிழை. நீ குனிஞ்சு கீழ பாரு. ஒரு கட்டை இருக்கா?"

சுவக்கின் உண்மையாகவே குனிந்தார். "இல்லதான்" என்றார். லூக்காஸின் முகத்தில் பூசையில் முதல் நன்மை வாங்கிய பிள்ளையின் பிரகாசம்.

அந்த நிமிடம் பார்த்து, பாரம் தாங்கிய தொட்டி மூலையின் பசை விட்டது. தண்ணீர் பழைய வழக்கப்படி வாசலுக்கு ஓடியது. வாசல் திறக்கவில்லை. சுவக்கின் முழங்கால் நனைய மண்டியிட்டு மீன் பொறுக்கினார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு பெரும்பாடு.

மீன்கள் இப்போது பியட்றிஸின் உடுப்பு ஊற வைக்கும் பேசினில். முன்வாசல் கதவுக்கு நேரே ஒரு கதிரை. எப்படியும் அந்த வழியாக யாரும் வருவதில்லை. அதில் உட்கார்ந்து லூக்காஸ், குசினி வழியாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்:

"எத்தனையோ பிழை நடந்திச்சு. ஆனா கட்டை மட்டும் வைக்கல்ல."