கவிழ்த்து எறியும் கை

மேனகா பந்தை எறியும்போது அவள் உள்ளங்கை தரையைப் பார்க்கும். பிறவியிலேயே மூளைவாதம் திருகிவைத்த வலது கை அது. ரெட்டியார்பாளையத்தில் அவள் பக்கத்து வீட்டில் வளர்ந்தவள் நான். எனக்குத் தெரிந்து, அந்தக் கையை நிமிர்த்தப் பார்க்காத ஆள் இல்லை. எண்ணெய் தேய்த்தார்கள், பட்டை கட்டினார்கள். ஆறு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் வந்தபோதும் அந்தச் சண்டை ஓயவில்லை. இப்போது எதிரில் நின்றவர் போச்சா பயிற்சியாளர் வினோத்குமார்.

போச்சா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஆடும் ஆட்டம். முதலில் ஒரு வெள்ளைப் பந்தை எறிந்துவிட்டு, அதை ஒட்டி ஆறு தோல் பந்துகளை நிறுத்தப் பார்க்க வேண்டும். எறிய இயலாதவர்கள் சரிவுப் பலகையில் உருட்டிவிடலாம்.

"உள்ளங்கைய மேல திருப்பும்மா. இல்லன்னா பலகைக்குப் போயிடு. அதுவும் ஆட்டந்தான்."

"எறிய முடியாதவங்களுக்கு அது ஆட்டந்தான் சார். எனக்கு எறிய முடியும்."

அணித் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. தேர்வன்று வெள்ளைப் பந்தைச் சுற்றிப் போடும் வட்டத்துக்குள் ஆறில் நான்கு பந்தாவது நிற்காவிட்டால் பலகைதான் என்று சொல்லிவிட்டார்.

ஒரு மாலை அவளும் தங்கை கலைமகளும் வந்த ஆட்டோ, பெத்தாங்க் திடலருகே பழுதாகி நின்றது. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன இரும்புக் குண்டு ஆட்டம் அது. பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள் அத்தனை பேரும் உள்ளங்கையைக் கவிழ்த்தே எறிந்துகொண்டிருந்தார்கள். குண்டு பின்பக்கமாகச் சுழன்று, விழுந்த இடத்திலேயே நின்றது.

"ஏய் கலை, இவங்க கைக்கெல்லாம் யாரும் எண்ணெ தேய்க்கலியாடி?"

மறுநாளே கையை நிமிர்த்துவதை விட்டாள். சிக்கல் திருகலில் இல்லை, விரல் திறக்கும் நேரத்தில் இருந்தது. கண் இலக்கைப் பிடித்த பிறகும் விரல்கள் தாமதித்தே பந்தை விட்டன. அவசரப்படுத்தினால் இன்னும் இறுகின. வாசலில் கோலமாவால் வட்டம் போட்டாள். மூச்சை இழுக்கும்போது கையைப் பின்னால் கொண்டுபோனாள். மூச்சை விடும்போது விரல்களையும் விட்டாள். தினமும் நூறு முறை.

"எறியறது நீ, இடுப்பு போறது எனக்கா?" என்று பந்து பொறுக்கினாள் கலைமகள்.

தேர்வன்று முதல் இரண்டு பந்தும் வெளியே ஓடின.

"கைய திருப்பு! திருப்பும்மா!" என்று ஓரத்திலிருந்து கத்தினார் வினோத்குமார்.

மேனகா திரும்பிப் பார்த்தாள். "நீங்க கத்தறப்ப எனக்கு மூச்சு தப்புது சார். கொஞ்சம் சும்மா இருங்க."

மிச்சமிருந்த நான்கும் உள்ளே நின்றாக வேண்டும். மூன்றாவது நின்றது. நான்காவதும் ஐந்தாவதும் அதன் பக்கத்திலேயே நின்றன. ஆறாவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எறிந்தாள். வட்டத்தின் கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்து, அசையாமல் நின்றது.

"அதிர்ஷ்டந்தான்" என்றபடி வினோத்குமார் பேனா மூடியைத் திறந்தார்.

"கலை, பந்தையெல்லாம் எடுத்துட்டு வா" என்றாள் மேனகா. "சார் என் பேர எழுதி முடிக்கறதுக்குள்ள இன்னொரு ஆறு போட்டுக் காட்டறேன்."