கம் அகெய்ன்

இறால் உரிக்கிறவளுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். காசிமேட்டில் மீன் பேக் செய்யும் கம்பெனி ஒன்றில் நானும் என் தோழியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மூன்று வருடம் இறால் உரித்தோம். ஐஸில் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். சோறு பிசைந்தால் எரியும். ராயபுரத்தில் கன்டெய்னர் அனுப்புகிற ஒரு ஆபீஸில் ஃபோன் எடுத்துப் பேச ஒரு பெண் வேண்டும், இங்கிலீஷ் கொஞ்சம் தெரிந்தால் போதும் என்று கேள்விப்பட்டேன். ஈரமில்லாத இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாம். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

தோழி எட்டாவது வரை கான்வென்டில் படித்தவள். திருவொற்றியூரில் இரண்டு பேருக்கும் ஒரே தெரு. வேலைக்குப் போகும்போது எங்கள் ஷேர் ஆட்டோ தினமும் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் நகராது. அதுதான் எங்கள் வகுப்பு. "ஹவ் மே ஐ ஹெல்ப் யூ" என்று நான் சொன்னால், "இன்னாடி, சண்டைக்கு வர மாதிரி கேக்குற? சிரிச்சிக்கினே கேளு" என்பாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரிப்பார். நாங்கள் கவலைப்படவில்லை.

நேர்காணலுக்கு முந்தின வாரம் அவளும் அதே வேலைக்கு மனு போட்டாள். யாருக்குக் கிடைத்தால் என்ன, நம்மில் ஒருத்திக்குத்தானே என்று பேசிக்கொண்டோம். நான் லூசு மாதிரி அதை நம்பினேன்.

நேர்காணலுக்கு முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஏசி அறை. மேசைக்குப் பின்னால் ஒரு பெரியவர். உன்னைப் பற்றிச் சொல் என்றார். மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "கம் அகெய்ன்?" என்றார். எனக்கு அது நன்றாகத் தெரிந்த வார்த்தை. வண்ணாரப்பேட்டையில் துணி எடுத்தால் கட்டைப்பையில் 'தேங்க் யூ, கம் அகெய்ன்' என்று அச்சடித்துத் தருவார்களே. இன்னொரு நாள் வரச் சொல்கிறார் என்று எழுந்துவிட்டேன். "தேங்க் யூ சார், ஐ வில் கம்" என்றேன். அவர் ஏதோ சொன்னார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

படிக்கட்டுக்குக் கீழே தோழி நின்றிருந்தாள். "இன்னாடி, அதுக்குள்ள வந்துட்ட?"

"திரும்ப வரச் சொல்லிட்டாருடி. கம் அகெய்ன்னாரு."

"அப்படியேவா சொன்னாரு?"

"ஆமாண்டி. அப்படின்னா இன்னொரு நாள் வான்னுதானே அர்த்தம்?"

அவள் ஒரு நிமிடம் மாடியைப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "ஆமா. நீ வூட்டுக்குப் போ, கூப்புடுவாங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள்.

நான் காத்திருந்தேன். ஃபோனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு இறால் உரித்தேன். வேலை அவளுக்குக் கிடைத்தது என்று தெரிந்ததும் அரைக் கிலோ லட்டு வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். "உனக்கும் வரும்டி" என்றாள், வாயில் லட்டோடு.

நாலைந்து மாதம் போயிருக்கும். எனக்கு அன்று வார லீவு. அவள் டிபன் பாக்ஸை மறந்துவிட்டாள் என்று அவளுடைய அம்மா என்னிடம் கொடுத்து அனுப்பினார். நான் அவள் ஆபீஸுக்குப் போனபோது அவள் ஃபோனில் இருந்தாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "கம் அகெய்ன் சார்? கம் அகெய்ன்?" என்று கேட்டு, பேப்பரில் எதையோ எழுதினாள். அவள் யாரையும் வரச் சொல்லவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அங்கே டீ கொடுக்கிற அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"காதுல சரியா வுழலன்னா அப்படித்தாம்மா கேப்பாங்க. இன்னொரு வாட்டி சொல்லுன்னு அர்த்தம்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் ஃபோனை வைத்ததும் கேட்டேன். "அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

அவள் பொய் சொல்லவில்லை. "தெரியும்."

"அந்த சார் எனக்காகக் காத்துக்கினு இருந்தாரா?"

"அந்தப் பொண்ணு ஏன் எழுந்து போயிடுச்சின்னு என்னைக் கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"அவளுக்கு இந்த வேலையில இஷ்டம் இல்ல சார்னு சொன்னேன்."

டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்தேன். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்க வேண்டும். அவள் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு வேலைதானடி இருந்துச்சு. நத்திங் பர்சனல்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரைக்கும் தெரியாத வார்த்தையை எல்லாம் நான் அவளிடம்தான் கேட்டிருக்கிறேன்.