திங்கட்கிழமைக் காய்ச்சல்

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் சி.ஐ.டி. சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை. ஒரு தையல் விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வர அவளுக்குத் தெரியாது, அதுதான் கோளாறு. பால் வாங்கினால் முகர்ந்து பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தால் எதற்குச் சிரித்தாள் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வாள். அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவளுடைய அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான்.

அந்த அண்ணனின் பட்டறையில்தான் புருஷனுக்கு வெல்டிங் வேலை. சில மாதங்களாகப் பட்டறைக்குத் துத்தநாகம் பூசிய குழாய்கள் வந்துகொண்டிருந்தன. துருப்பிடிக்காத வேலிக்கு நல்ல கிராக்கி. அந்த வேலை தொடங்கியதிலிருந்து, திங்கட்கிழமை சாயங்காலம் என்றால் புருஷன் தள்ளாடிக்கொண்டு வருவான். உடம்பு அனலாகக் கொதிக்கும், பல் கிடுகிடுக்கும், தண்ணீர் கூட இனிக்கிறது என்பான். விடிந்தால் ஒன்றுமே நடக்காதவன் போல எழுந்து டீ கேட்பான். செவ்வாயிலிருந்து சனி வரை ஒரு தும்மல் கிடையாது. இப்படி நாள் பார்த்து வரும் காய்ச்சலை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்?

“வெல்டிங் புகைதான்டி. ஞாயித்துக்கிழமை லீவு முடிஞ்சு போனாலே இப்படி ஆகுது” என்று அவன் முதலிலேயே சொன்னான். அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் சிரித்தார். “புகையில காய்ச்சல் வருமா பாப்பா? ஞாயித்துக்கிழமை எங்க போறாரு, யார்கூடச் சேர்றாருன்னு கொஞ்சம் கண்ணு வச்சுக்கோ.”

போதாதா? ஞாயிறு முழுக்க அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சட்டைப்பையைத் துழாவினாள், வாயை ஊதச் சொன்னாள். ஒரு வாசனையும் வரவில்லை. வாசனை வராத சரக்கு ஏதோ புதிதாக வந்திருக்கிறது என்று முடிவு கட்டினாள். “நாளைக்கும் தள்ளாடிக்கிட்டு வந்தீங்கன்னா, இந்தக் கதவு திறக்காது” என்றாள்.

அவன் அப்படித்தான் வந்தான். கதவும் திறக்கவில்லை. வெளியே படிக்கட்டில் அவன் இருமுவது கேட்டது. நடிக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். பிறகு இருமல் சத்தமும் நின்றுபோனது. மாடி வீட்டு ஆட்டோக்காரர் “ஐயோ, தங்கச்சி!” என்று கதவைத் தட்டியபோதுதான் தாழ்ப்பாளைத் திறந்தாள். புருஷன் படிக்கட்டில் மயங்கிக் கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார், நெஞ்சைப் படம் பிடித்தார். என்ன வேலை என்று கேட்டார். துத்தநாகக் குழாய் என்றதும் தலையை ஆட்டினார்.

“குடிச்சிருக்காரா டாக்டர்?”

“குடிக்கலம்மா. மூச்சுல இழுத்திருக்காரு. துத்தநாகம் உடம்புக்குக் கொஞ்சம் வேணும்தான், அது இல்லன்னா ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுவே சோம்பிப்போயிடும். ஆனா புகையா நெஞ்சுக்குள்ள போச்சுன்னா, யாரோ எதிரி வந்துட்டான்னு அந்த அணுக்கள் எல்லாம் ஓடி வந்து கூடிடும். ஆக்சிஜனையே ஆயுதமாக்கி வீசும். அடி விழறது சொந்த நெஞ்சுக்குத்தான். அதான் காய்ச்சல், நடுக்கம்.”

“அப்ப மத்த நாள்ல ஏன் வரல?”

“தினம் புகை பட்டா உடம்பு பழகிடும். ஞாயித்துக்கிழமை ஓய்வுல மறந்துடும். திங்கக்கிழமை மறுபடியும் முதல்லேர்ந்து சந்தேகப்படும்.”

டாக்டரம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

அண்ணன் பால் பாக்கெட்டும் கையுமாக ஓடி வந்தார். கட்டிலைப் பார்த்ததும், “என்ன மாப்ள, திங்கக்கிழமைன்னா புகைக் காய்ச்சல் வராம இருக்கப் பால் குடிச்சுட்டுக் குழாயைத் தொடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்ல?” என்றார். சொன்ன பிறகுதான் தங்கை நிற்பதைக் கவனித்தார்.

“அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?”

அவர் பாக்கெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “உன்கிட்ட சொன்னா நீ பட்டறை வாசல்ல வந்து நிப்ப. காத்தாடி வை, முகமூடி வாங்கிக் குடுன்னு என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவ. எல்லாம் ஒரு நாள் காய்ச்சல்தானே பாப்பா.”

வெளியே போங்கள் என்று மட்டும் கையைக் காட்டினாள். அவர் போன பிறகு கட்டில் ஓரமாக உட்கார்ந்து அழுதாள். சும்மா இல்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

“தப்புப் பண்ணிட்டேங்க. இனிமே உங்களை நம்புறேன்.”

அவன் கண்ணைத் திறந்தான். கோபம் இல்லை, களைப்புத்தான்.

“இதைத்தானே நான் முதல்லயே சொன்னேன். அப்ப உங்கண்ணனை நம்புன. இப்ப டாக்டரம்மாவை நம்புற. என்னை எப்ப நம்புன, சொல்லு?”

அவள் யோசித்துப் பார்த்தாள்.