குச்சியா, வெறுங்கையா?

கடையில் நிற்பது சுகமான வேலை என்பவர்களை ஒரே ஒரு நாள் டெமோ காட்ட விடவேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்றே கால் வீங்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியும்.

புதுவாயல் கூட்ரோட்டில், பழைய வீடியோ கேம் சாமான் விற்கும் கடையில் நான் சேல்ஸ்மேன். நாம் கை வீசுவதைப் பார்த்து டிவியில் ஆட்டத்தை ஓட்டும் கேமராக்கள் எங்களிடம் இரண்டு வகை. ஒன்றுக்கு, நுனியில் கலர் பந்து எரியும் குச்சியைப் பிடித்து வீச வேண்டும். இன்னொன்றுக்கு வெறுங்கை போதும். நல்லது இரண்டாவதுதான். அது ஒன்றே ஒன்று இருந்தது, ஆளை உள்ளே இழுக்க. குச்சி கேமராவோ அலமாரி கொள்ளாமல் கிடந்தது. யாரிடமோ ஏமாந்து மொத்தமாக வாங்கியவர் முதலாளி, விற்க வேண்டியவன் நான்.

"அந்த ஒண்ண மட்டும் வித்துடாத. குச்சிங்க பொங்கலுக்குள்ள போவலன்னா இங்க பிரியாணி கடதான். உனுக்கு வெங்காயம் அரியத் தெரியுமா?" என்றார்.

கேஸ் அடுப்பு வரைக்கும்

வேப்பம்பட்டில் புது ஃபிளாட் வாங்கிய ஒருவர், இரண்டையும் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டச் சொன்னார். வெறுங்கை கேமரா அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தது. சோபாவை நகர்த்தினோம், பீரோவை நகர்த்தினோம். மனுஷன் பின்னால் போய்ப் போய் கேஸ் அடுப்போடு ஒட்டி நின்றார். அப்போதும் கேமராவுக்குக் கால் தெரியவில்லை.

"குச்சிக்கு இவ்வளவு இடம் வேண்டாம் சார்" என்று சந்தோஷமாக நீட்டினேன். முதல் வீச்சிலேயே டியூப்லைட் போயிற்று. கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் நின்று அவர் சொன்னார்: "ஊடு வாங்க சொல்லோ எவனும் இத்த சொல்லலியே சார். வெளாடறதுக்குப் பக்கத்து ஊட்டையும் சேத்து வாங்கணுமா?"

பக்தியுள்ள கேமரா

கவரைப்பேட்டையில் ஒரு குடும்பம் கிறிஸ்துமஸுக்குக் குச்சி கேமராவையே வாங்கியது. என் வாழ்நாள் சாதனை. மறுநாளே போன், ஆட்டம் நகரவில்லையாம். போய்ப் பார்த்தால் டிவிக்கு நேர் எதிரே பெரிய சிவப்பு ஸ்டார் எரிகிறது. குச்சிப் பந்தை விட்டுவிட்டு கேமரா அதையே பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்டாரை அணைத்தால் சரியாகிவிடும் என்றேன். வீட்டம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஸ்டாரு புது வருசம் வரிக்கும் எரியும். ஒங் கேமராவ அது வரிக்கும் ஒங் கடையிலயே கண்ண மூடிக்கினு குந்தச் சொல்லு."

நழுவிய குச்சி

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுபவர் மகளோடு வந்தார். பழக்க தோஷத்தில் குச்சியை அவர் கையில் திணித்தேன். நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன், வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெறுங்கை கேமராவைப் போட்டேன். நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "எங்க மெஷின்லயும் இதே மாரி சென்சார் கீது சார். கை உள்ள போனா நிக்கணும். அன்னிக்கு நிக்கல."

"நீ சும்மா குத்துப்பா" என்றது பொண்ணு. குத்துச்சண்டை ஆட்டம். டிவியில் அப்பனும் மகளும் மாறி மாறிக் குத்தினார்கள். அவர் தோற்றுப்போய் மூச்சு வாங்கச் சிரித்தார். இது விற்பனைக்கா என்று கேட்டார். முதலாளி முகம் கண்முன் வந்து போனது. ஆமாம் என்றேன்.

"இது கையத்தான் பாக்குது, வெரல எண்ணல. இத்தயே கட்டிக் குடு நைனா."

ஆக, இரண்டு கேமராவையும் ஒப்பிட்டுப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், பிரியாணிக்கு வெங்காயத்தை மெலிசாகத்தான் அரிய வேண்டும்.