பச்சை மாத்திரை நாட்கள்

எங்கள் வீட்டில் யாருக்கு எப்போது மாதவிலக்கு என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மந்தைவெளியில் இரண்டு அறையும் ஒரு கூடமுமாக உள்ள வீடு. கூடத்துச் சுவரோடு பூஜை அலமாரி. சாயங்காலம் அதில் விளக்கேற்றுவது மருமகளின் வேலை, அதாவது என் வேலை. தி. நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் நசுங்கி வந்து, முகம் கழுவிக்கொண்டு நான்தான் ஏற்றுவேன். என்றைக்காவது அத்தை ஏற்றினால் சங்கதி தெரிந்துவிடும். கணவருக்குத் தெரியும். ஐந்து வயது மகளுக்கு, 'அம்மா இன்னைக்கு சாமி கிட்ட போகக் கூடாது' என்ற அளவில் தெரியும். அந்த நேரம் பார்த்து வாடகை வாங்க வந்து உட்கார்ந்திருந்தால் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

கல்யாணமான புதிதில் உடம்பெல்லாம் கூசும். அலமாரிப் பக்கம் போகாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, எதையோ மறந்துவிட்டவள் போல விழிப்பேன். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை என்றால் என் மாமியார். அவருக்கு இன்னொரு பேரப்பிள்ளை வேண்டும். எனக்கு வேண்டாம். உடம்பு தாங்காது, வேலை போய்விடும், பள்ளிக்கூடச் செலவு என்று காரணங்களை அடுக்கலாம்தான். உண்மை அதுவல்ல. ஒன்று போதும் என்று தோன்றியது, அவ்வளவே. காரணம் இல்லாத ஒரு விருப்பத்தை எந்த முகத்தோடு வெளியே சொல்வது? கணவருக்கும் ஒன்று போதும். அதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் என்றால் மட்டும் அவர் வாயில் கொழுக்கட்டை.

ஆகவே அடையாறில் ஒரு பெண் மருத்துவரிடம் தனியாகப் போனேன். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு; வலி தொடங்குவதற்கு முன்னால் கண்ணுக்குள் மின்னல் மின்னலாக வரும். அதைக் கேட்டதும் அவர், "அப்ப வழக்கமான கருத்தடை மாத்திரை உங்களுக்கு ஆகாது. அதுல ரெண்டு ஹார்மோன் இருக்கும். உங்களுக்கு ஒரே ஹார்மோன் இருக்கிறதுதான் சரி" என்று ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். எல்லாம் வெள்ளை மாத்திரைகள். கடைசி நான்கு மட்டும் பச்சை.

"இந்த வகையில நிறைய அட்டைங்க எல்லாமே மருந்து மாத்திரையாதான் வரும். இதுல மட்டும் கடைசி நாலு சும்மா. பச்சையில மருந்தே கிடையாது" என்றார்.

"மருந்தே இல்லன்னா எதுக்கு டாக்டர் சாப்பிடணும்?"

"உங்க கைக்காக. தினம் ஒண்ணு எடுத்துப் பழகின கை, நாலு நாள் சும்மா இருந்தா அஞ்சாம் நாளும் சும்மா இருந்துடும். புது அட்டைய லேட்டா ஆரம்பிச்சாதான் வம்பு. பச்சை ஒண்ணு ரெண்டு விட்டுப்போனா குடி முழுகிடாது. வெள்ளைய மட்டும் நேரத்துக்குப் போட்டிருக்கணும். போட்டிருந்தீங்கன்னா பச்சை நாள்லயும் பாதுகாப்பு அப்படியேதான் இருக்கும்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். அந்த நான்கு நாட்களில் மருந்து நிற்பதால் மாதவிலக்கு வரலாம். வராமலும் போகலாம். 'வரலாம்' என்பது வரைக்கும் காதில் விழுந்தது. 'வராமலும் போகலாம்' என்றபோது நான் அட்டையைக் கைப்பையின் எந்த அறையில் ஒளிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் பச்சை மாத்திரையைக் காட்டினேன். "ஒரு வேலையும் செய்யாம வரிசையில ஜம்முனு உக்காந்திருக்கே, எங்க மேனேஜர் மாதிரி" என்றார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சமையலறையில் அத்தை எங்களுக்குத்தான் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டை மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. தினமும் அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று. முதல் சில மாதங்கள் சொல்லி வைத்தாற்போல நடந்தது. பச்சை தொடங்கினால் விளக்கு அத்தை கைக்குப் போகும். பச்சை முடிந்து ஓரிரு நாளில், தலைக்குக் குளித்ததும், மறுபடி என் கைக்கு வரும். அத்தைக்கு ஏமாற்றம் இருந்திருக்கும். காட்டிக்கொண்டதில்லை.

அப்புறம் ஒரு மாதம் பச்சை வந்தது, வேறொன்றும் வரவில்லை. நான்கும் தீர்ந்து அடுத்த அட்டையில் வெள்ளையைத் தொடங்கிவிட்டேன். அப்போதும் இல்லை. தி. நகரில் ஒரு மருந்துக் கடையில் பரிசோதனைக் கருவி கேட்டேன். கடைக்காரர் அதை ஏதோ வெடிகுண்டு போலக் கறுப்புப் பையில் சுற்றிக் கொடுத்தார். அலுவலகக் கழிவறையில் பார்த்தேன். ஒரு கோடுதான். கர்ப்பம் இல்லை. மருத்துவருக்குப் போன் செய்தேன்.

"அன்னைக்கே சொன்னேனே. இந்த மாத்திரையில கர்ப்பப்பை உள்சவ்வு மெலிசாயிடும். வெளிய வர ஒண்ணும் இல்லன்னா எது வரும்? மாத்திரைய ஒழுங்கா போட்டிருக்கீங்க, கிட்லயும் இல்லன்னு வந்துடுச்சு. நிம்மதியா இருங்க."

நிம்மதியாகத்தான் இருந்தேன், சாயங்காலம் விளக்கின் முன்னால் போய் நிற்கும் வரைக்கும். நான் பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கிறேன். நாள் தள்ளிப்போவது கூடத்தில் பளிச்சென்று தெரிகிறது.

கணவர் சுலபமாக ஒரு வழி சொன்னார். "ஒரு மூணு நாள் ஏத்தாம இரு. யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்கு வந்ததே கோபம். சாமி விஷயத்தில் பொய்யா என்று கத்தினேன். இப்போது அதை நினைத்தால் எனக்கே சிரிப்பும் அருவருப்புமாக இருக்கிறது. சாமியிடம் பொய் கூடாதாம், ஒரே கூரையின் கீழ் சோறு போடுகிற மனுஷியிடம் கூடுமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, இலையில் உப்பு சரியாக வைத்தேனா என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த மாதப் பச்சையும் அப்படியே போயிற்று. அத்தை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் காலை, வாசலில் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கக் குனிந்தபோது ஓடி வந்தார். "வோணாம் வோணாம், வெய்யி கீழ. அவன் வந்து தூக்கட்டும். இந்த நேரத்துல இதெல்லாம் தூக்கிக்கினு..." என்று பாதியில் நிறுத்தினார். எந்த நேரத்தில் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதற்கப்புறம் வீட்டில் பப்பாளி காணாமல் போயிற்று. ஸ்டூலில் ஏறிப் பரணில் கை வைத்தால் அதட்டல் விழுந்தது. என் டிபன் பாக்ஸில் மாதுளை முத்துக்கள் தனி டப்பாவில் வந்தன. ஒவ்வொன்றாக உதிர்த்து, நடுவில் இருக்கும் மஞ்சள் தோல் ஒட்டாமல் எடுத்திருப்பார். அந்த மாதுளையைத் தின்றுவிட்டு, அதே கையால் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மாத்திரையை விழுங்குவேன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. அத்தை கெட்டவர் இல்லை, ஆனால் கொஞ்சுகிற ரகமும் இல்லை. நான் சாப்பிட்டேனா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வந்துட்டியா கண்ணு, மொதல்ல உக்காரு" என்கிறார். மகளை அவரே குளிப்பாட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை என்னைத் தூங்க விட்டார். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுவேன். வெட்கம் ஒரு காரணம். மாத்திரை என்று வாய்விட்டுச் சொன்னால் நானும் என் கணவரும் கதவைச் சாத்திக்கொள்வது எதற்கு என்பதையும் சேர்த்துச் சொன்னதுபோல் ஆகிவிடுமே என்கிற வெட்கம். ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி, அந்த 'கண்ணு'. இல்லாத பிள்ளையின் பேரில் நான் வாங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பக்கத்து வீட்டு அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தார். அத்தை கோயிலில் மயங்கி விழுந்துவிட்டாராம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறார்களாம். ஆட்டோ பிடித்து ஓடினேன். குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். நெற்றியில் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது.

சிஸ்டர் என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார். "சுகர் மாத்திரைய மட்டும் கரெக்டா போட்டுட்டு பச்சத்தண்ணி பல்லுல படாம இருந்திருக்காங்க. சுகர் எவ்ளோ எறங்கிடுச்சு தெரியுமா? இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா என்ன ஆயிருக்கும்? வீட்ல யாரும் பாக்க மாட்டீங்களா?"

சிஸ்டர் போனதும், "எதுக்கு அத்தை விரதம்?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"மூணு மாசம் கரு நிக்கட்டும்னு அம்மனுக்கு வேண்டிக்கினேன். செவ்வாக்கெழம செவ்வாக்கெழம. முன்னாடியே சொன்னா கண்ணு பட்டுடும்னுதான் உன்கிட்ட கூட சொல்லல" என்றார். மெல்லச் சிரிக்கவும் செய்தார். எத்தனை செவ்வாய் ஆயிற்றோ, நான் கவனிக்கவில்லை. காலையில் அவர் வைத்துக் கொடுக்கும் டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடுகிறவளுக்கு, அவர் தட்டில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்?

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றேன். இனி நாளைக்கு என்று சொல்ல முடியாது. அடுத்த செவ்வாய் வரும், இவர் மறுபடியும் பட்டினி கிடப்பார், மறுபடியும் விழுவார்.

"அத்தை, நான் முழுகாம இல்ல."

அவர் முகம் அப்படியே வெளிறியது. ஊசி ஏறியிருந்த கையாலேயே என் கையைப் பிடித்தார். "கலைஞ்சிடுச்சா? எப்போ? ஐயோ, தனியாவா தாங்கிக்கினு இருந்த?"

தலையை ஆட்டினால் போதும். அவ்வளவு சுலபமாக இருந்தது. ஆட்டிவிட்டால் அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுவார், நானும் அழலாம், மாதுளை இன்னும் ஒரு மாதம் வரும். ஆட்டத்தான் போனேன். அதைத் தடுத்தது என் நல்ல குணம் இல்லை. அவர் கைக் குழாயில் ரத்தம் ஏறத் தொடங்கியதைப் பார்த்துப் பதறி, "கைய நேரா வைங்க அத்தை, ஒண்ணும் கலையல, எதுவும் இருந்தாத்தானே கலையும், நான் மாத்திரை சாப்பிடுறேன்" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அப்புறம் பச்சை மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். அதில் ஒன்றும் இல்லை என்றும், அந்த நாட்களில் வராமல் போவதும் உண்டு என்றும், அதனால்தான் விளக்கு ஏற்றிக்கொண்டே இருந்தேன் என்றும். எனக்கே என் குரல் ஏதோ பொருளை விற்பவளின் குரல் போலக் கேட்டது. அவர் கையை எடுத்து நேராக வைத்துக்கொண்டார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ம். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? ரெண்டு நாளு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருந்திருப்பேன். அவ்ளோதானே?" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒரு நல்ல மனுஷியைப் பார்த்து நான் பயந்ததாகக் காட்டிக்கொண்டதும், அந்தப் பயத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு சுகமாக இருந்ததும்தான் நடந்தது. அதை எப்படிச் சொல்வது?

அந்த நேரம் பார்த்து சிஸ்டர் மறுபடி வந்தார். இந்த முறை கோபம் இல்லை. நான் வருவதற்கு முன்பே அவர் குடைந்து கேட்டதில் அத்தை விரதத்தின் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்காகத்தானாமே இந்தக் கூத்தெல்லாம். எத்தனாவது மாசம்க்கா?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணும் அவள் புருஷனும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றார் அத்தை. "அவ ஒண்ணுமே சொல்லல. நான்தான் நாள தப்பா கணக்கு பண்ணிக்கினேன். வயசாயிடுச்சில்ல, புத்தி எங்க நிக்குது?"

"நல்ல பாட்டிம்மா நீங்க! இல்லாத பேரனுக்கு விரதமா?" என்று சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். அத்தையும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. துடைப்பது வியர்வையை என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குனிந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்து, அவர் இறங்கினால் கால் படுகிற இடத்தில் வைத்தேன்.